கதவைத் திறக்கச் சொன்னது யார்

மேட்டு டிவிஷன், பெரகல
2023 பெப்ரவரி 6

குமார் மச்சானுக்கு வேலாயி எழுதிக்கொள்வது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன். நீ பட்டயப் பரீட்சையில் பெயில் என்று நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான் பேசிப் போட்டது தவறுதலாக நடந்ததில்லை. மகள் தனுஜாவுக்கு அனுப்பப் போய்க் கை மாறிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். அதைவிட வெட்கம், பேசி முடித்த பிறகு விரலை எடுக்க மறந்து, நான் சிரித்து, இருமி, ஏப்பம் விட்டது வரைக்கும் அதில் விழுந்துவிட்டது. கனடாவில் இருக்கிற சித்தப்பா மகன் அந்த ஏப்பத்துக்குக் கைதட்டுகிற படம் போட்டிருக்கிறான்.

அதற்காக என் நம்பரை அடைத்து வைப்பாயா? உனக்கும் எனக்கும் ஒரே வயது, நாற்பத்தைந்து. கப்பலில் சீப் எஞ்சினியர். வத்தளையில் மாடி வீடு. மாமன் மகள் சிரித்தாள் என்று போனை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடுதாசி. இதை அடைக்க முடியாது பார்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. நீ இருபது வருஷத்துக்கு மேல் கப்பல் எஞ்சின் ஓட்டினவன். உனக்கு எஞ்சின் தெரியும் என்று சீமையில் இருக்கிற ரெண்டு பேர் கம்ப்யூட்டரில் உன் முகத்தைப் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டுமாம். அவர்கள் எழுதாவிட்டால் நேற்று ஓடின எஞ்சின் இன்றைக்கு நின்றுவிடுமா? உன் பெண்டாட்டி சிவசக்தி சொன்னாள், மூன்று மாதமாக ஐயா கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் பேசிப் பார்த்தாராம். மேலே கோட்டு, டை. கீழே இடுப்பில் கட்டின சாரம். கேட்டதும் நான் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கங்காணி வந்து காய்ச்சலா என்று கேட்டார்.

பதில் போட்டால் தோட்டத்து ஆபீசுக்குப் போடாதே. கிளாக்கர் ஐயாவின் மேசை லாச்சியில் நம் கடுதாசியெல்லாம் மாதக்கணக்கில் கிடக்கும். பெரகல சந்தியில் றில்வான் நானாவின் கடை விலாசத்துக்குப் போடு.

ஒழுங்காகச் சாப்பிடு. பெயிலானவனுக்கும் பசிக்கும்.

வேலாயி


வத்தளை
2023 பெப்ரவரி 19

வேலாயிக்கு,

சிவசக்தி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். இனி அவள் என்னைப் பற்றி உன்னிடம் எதுவும் சொல்ல மாட்டாள்.

நீ ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதெல்லாம் உனக்கு விளங்கும் என்று நான் நினைக்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பட்டயப் பொறியியலாளர் என்பது மனப்பாடம் செய்து எழுதும் பரீட்சை இல்லை. கப்பலில் என்ன பொறுப்பு எடுத்தோம், என்ன முடிவு செய்தோம் என்று அறிக்கை எழுத வேண்டும். பட்டயம் பெற்ற இருவர் நமக்காகக் கையெழுத்திட வேண்டும். பிறகு நேர்முகம். நான் பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவன். எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கிற வேலையில் தொடங்கி முதல் வகுப்புச் சான்றிதழ் வரை வந்தவன். என்னைப் போன்றவர்கள் மேலே போக இந்த ஒரு வழிதான் இருக்கிறது.

சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று கரையில் வேலை தருகிறேன் என்கிறது. பன்னிரண்டு கப்பல்களுக்கு மேற்பார்வை. பட்டயம் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் மறுபடி கடல். என் வலது காது பாதி செத்துவிட்டது. முழங்கால் எஞ்சின் அறை ஏணியைப் பார்த்தாலே நோகிறது. அடுத்த மருத்துவச் சோதனையில் கப்பலுக்கும் லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள். இப்போது சிரி.

நான் தவறியதற்குக் காரணம் நேர்முகம் செய்த அந்த இரண்டு பேர். 2019இல் மலாக்கா நீரிணையில் நடந்ததை அறிக்கையில் எழுதியிருந்தேன். எஞ்சினின் வயிற்றுக்குள் எண்ணெய் சூடேறிப் புகையாக மாறினால் அபாய மணி அடிக்கும். உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு குறைந்தது இருபது நிமிஷம் பக்கக் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே ஆறுவதற்கு முன் காற்றுப் புகுந்தால் தீப்பிடிக்கும். அன்று மணி அடித்தது. எஞ்சின் நிறுத்தப்பட்டது. சுற்றிலும் கப்பல்கள், கேப்டன் மேலேயிருந்து நெருக்கிக்கொண்டே இருந்தார். கதவு சற்று முன்னதாகத் திறக்கப்பட்டது. ஃபிட்டர் ஒருவருக்குக் கையில் தீக்காயம் ஏற்பட்டது. ஆனால் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது, கப்பல் தரை தட்டாமல் காப்பாற்றப்பட்டது.

அவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கதவைத் திறக்கச் சொன்னது யார்? எஞ்சின் அறையில் கூட்டாக எடுத்த முடிவு என்றேன். ‘இவருடைய சொந்தப் பங்கு தெளிவாக இல்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரு தடவை விண்ணப்பிக்கலாமாம்.

அதற்கு, நான் தொண்ணூற்றைந்திலிருந்து தொண்ணூற்றேழு வரை நம் ஸ்டோரில் தேயிலை மெஷின்களைப் பார்க்கும் ஃபிட்டருக்குக் கையாளாக இருந்ததற்கு, ஸ்டோரை நடத்தும் டீமேக்கரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். அந்தத் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க எனக்கு விருப்பமில்லை. இந்த ஒன்றையாவது சிரிக்காமல் செய்ய முடியுமா என்று பார்.

ஜெயகுமார்


மேட்டு டிவிஷன், பெரகல
2023 மார்ச் 12

மச்சானுக்கு,

நீ கேட்ட கடுதாசி வாங்கிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். சிரிக்காமல் என்று சொன்னாய், அது மட்டும் முடியவில்லை.

இப்போது நம் தேயிலை ஸ்டோரில் இருக்கிற டீமேக்கர் பண்டாரவளைப் பக்கத்துச் சின்ன வயதுக்காரர். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் போய் நின்றேன்.

“யாருக்கு?” என்றார்.

“என் மச்சானுக்குங்க. கப்பல்ல எஞ்சினியரு.”

“கப்பல்ல எஞ்சினியருக்கு எதுக்கும்மா நம்ம ஸ்டோர்ல கையாளா இருந்த கடுதாசி?”

“அவரு எஞ்சினியர்தான்னு சொல்றதுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்காருங்க.”

மனுஷன் நல்லவர். சிரித்துவிட்டுப் பழைய பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்துவரச் சொன்னார். கரப்பான் தின்றது போக உன் பெயர் பாக்கி இருந்தது. புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“தொண்ணூத்தேழு மார்ச்சுல ட்ரையர் தீப்பிடிச்சிருக்கு. யாரு கதவைத் திறந்ததுன்னு எழுதாம விட்டுட்டாங்களே.”

“நாங்கதாங்க,” என்றேன்.

“நாங்கன்னா?”

“அந்த ஷிப்டு பூராங்க.”

வாயில் தானாக வந்துவிட்டது மச்சான். இருபத்தாறு வருஷம் கழித்து, எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத இடத்தில். வீட்டுக்கு வந்து உன் கடுதாசியை இன்னொரு தடவை வாசித்தேன். எஞ்சின் நிறுத்தப்பட்டது, கதவு திறக்கப்பட்டது, காயம் ஏற்பட்டது. உன் கப்பலில் ஆளே இல்லையா? பேய் ஓட்டுகிற கப்பலா அது? கப்பல் காப்பாற்றப்பட்டது என்கிற இடத்தில்கூட உன்னைக் காணோம். நீ எழுதினதை நான் வாசித்தாலே யார் என்றுதான் கேட்பேன். அந்தச் சீமைக்காரர்கள் மேல் எனக்கு இப்போது கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

ட்ரையரில் தேயிலை கருகுகிற வாசம் வந்தால் காற்றாடியை நிறுத்து, கதவைத் தொடாதே, உள்ளே அடங்கட்டும் என்றுதானே ஃபிட்டர் ஐயா உனக்கு முதல் நாளே சொன்னார்? நீ திறந்தாய். சலிக்கிற அறையிலிருந்து என்ன வாசம் என்று பார்க்க வந்தவள் நான். என் புருவம் ரெண்டும் போயிற்று. அந்த மாதம்தான் வெலிமடையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அடுப்புக் கரியால் புருவம் எழுதிக்கொண்டு தேத்தண்ணித் தட்டோடு போய் நின்றேன். ஆவி பட்டு ஒரு புருவம் கன்னத்துக்கு இறங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்தார்.

நீ மலாக்காவில் செய்தது புதுக் காரியம் இல்லை என்று சொல்ல வந்தேன். அவ்வளவுதான்.

வேலாயி


வத்தளை
2023 மார்ச் 26

வேலாயிக்கு,

டீமேக்கர் கடிதத்துக்கு நன்றி. அதைத் தவிர நீ எழுதிய எதுவும் தேவையில்லை.

ட்ரையர் கதையை எதற்கு இழுக்கிறாய்? எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஷிப்டில் ஒன்பது பேர் இருந்தோம். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் துரை யார் என்று கேட்டபோது எல்லாரும் ‘நாங்க’ என்றுதான் சொன்னோம். முதலில் வாயைத் திறந்தவள் நீ. இப்போது எனக்குப் புத்தி சொல்ல வருகிறாய்.

நான்தான் சொன்னேன் என்று அவர்கள் முன்னால் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? அவசரப்பட்டு ஒரு மனிதனின் கையைப் பொசுக்கியவனுக்கு எந்த முட்டாள் பட்டயம் கொடுப்பான்? அந்தக் கம்பெனிக்குத் தெரிந்தால் கடைசிக் கதவும் மூடிவிடும். இது லயத்து வீடுகளின் குழாயடி இல்லை, வாயில் வந்ததைக் கொட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போக.

விட்டுவிட்டேன். விண்ணப்பிக்கப் போவதில்லை. மே மாதம் ஒரு கப்பல் இருக்கிறது, ஏறிவிடுவேன். உன் புருவம் எப்போதோ வளர்ந்துவிட்டது. இனி எழுதாதே.

ஜெயகுமார்


மேட்டு டிவிஷன், பெரகல
2023 ஏப்ரல் 3

மச்சானுக்கு,

எழுதாதே என்றாய். அதனால் இந்தத் தடவை ரெண்டு தாள் வாங்கினேன்.

ஆமாம், பெரட்டில் முதலில் ‘நாங்க’ என்று சொன்னது நான்தான். முகமெல்லாம் எரிய, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்று சொன்னேன். கொழும்பில் கப்பல் வேலை படிக்க உனக்கு இடம் கிடைத்திருந்தது. துரையின் நன்னடத்தைக் கடுதாசி வேண்டியிருந்தது. உன் பெயர் விழுந்திருந்தால் கடுதாசி இல்லை. உன் மேல் உருகிச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ இந்த மலையை விட்டுத் தொலைந்தால் எனக்கு நிம்மதி என்று செய்தேன். மூன்று நாளைக்கு ஒன்பது பேருக்கும் அரை நாள் கூலிதான் போட்டார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆனால் நீ ஒன்றை மறந்துவிட்டாய். மறந்தாயா, மறந்த மாதிரி இருக்கிறாயா, எனக்குத் தெரியாது. பெரட்டில் நாம் பெயர் சொல்வதில்லை. ஒருத்தன் பெயர் சொன்னால் அவன் வேலை போகும், வேலையோடு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். ‘நாங்க’ என்றால் ஒன்பது பேரையும் விரட்ட முடியாது, அன்றைக்குக் கொழுந்தை யார் அரைப்பது? அது துரைக்குச் சொல்கிற பதில். அதோடு முடிந்துவிடுமா? சாயந்தரம், செய்தவன் ஒவ்வொரு காம்பராவுக்கும் போய், வாசலில் நின்று, “நான்தான் செஞ்சேன்” என்று சொல்லி வெற்றிலை வைப்பான். வைப்பானா இல்லையா? பக்கத்துக் காம்பரா பொன்னையா அண்ணன் ரோலருக்குள் ஸ்பேனரை விட்டு அதன் பல்லை உடைத்தபோது வைத்தார். எங்கள் அப்பா வைத்தார். நான்கூட ஒரு தடவை வைத்திருக்கிறேன், எதற்கென்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

நீ எந்த வாசலிலும் நிற்காமல் காலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். நம் பழக்கத்தில் பாதியை மட்டும் படித்துக்கொண்டு கப்பலில் போய் வைத்து நடத்தியிருக்கிறாய். ஒளிகிற பாதி. அதிலே அவன் பட்டயம் கொடுக்கவில்லை, இவன் கொடுக்கவில்லை என்று கோபம் வேறு.

அந்த ஃபிட்டருக்கு இப்போது கை எப்படி இருக்கிறது? உன் கடுதாசி ரெண்டிலும் தேடினேன். உன் காது இருக்கிறது, உன் முழங்கால் இருக்கிறது, அவர் பெயரையே காணோம்.

கப்பலில் ஏறுகிறதென்றால் ஏறு. எனக்கென்ன. காது கேட்காதவன் அபாய மணிக்குப் பக்கத்தில் இருப்பது மற்றவர்களுக்குத்தான் ஆபத்து. பெரகலையில் மழை. கொழுந்து நன்றாக வருகிறது, அட்டையும் நன்றாக வருகிறது.

வேலாயி


வத்தளை
2023 ஓகஸ்ட் 27

வேலாயிக்கு,

கப்பலில் ஏறவில்லை. காரணம் நீ இல்லை. முழங்கால்.

தூத்துக்குடியில் இருக்கும் அந்த ஃபிட்டருக்கு மே மாதம் போன் போட்டேன். அவர் பெயர் அந்தோணி. இடது கையில் இரண்டு விரல் இப்போதும் முழுதாக மடங்காது. கரையில் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். நான்கு வருஷமாகச் சொல்லாததை, அன்றைக்குத் திறக்கச் சொன்னது நான்தான் என்பதைச் சொன்னேன். “தெரியும் சார், பக்கத்துலதான நின்னேன்” என்றார். பிறகு கடையில் ஆள் நிற்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு அறிக்கையை முதலிலிருந்து எழுதினேன். எஞ்சினை நிறுத்தியது நான். பன்னிரண்டாவது நிமிஷத்தில் கதவைத் திறக்கச் சொன்னதும் நான். இருபது நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும், கேப்டனுக்குப் பயந்து பொறுக்கவில்லை. அந்த இருவரில் ஒருவர் சென்ற வியாழக்கிழமை நேர்முகத்தில் மறுபடி வந்தார். வழுக்கைத் தலை, மூக்கில் கண்ணாடி, என்னைப் பார்த்தாலே பிடிக்காத முகம். அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து நான் போன ஒவ்வொரு கப்பலிலும் அந்தக் கதவின் ஸ்பேனரைப் பூட்டி வைக்கிறேன். எஞ்சின் நின்ற நேரத்தை எழுதி, இருபது நிமிஷம் ஆன பிறகுதான் சாவி. சாவி இரண்டாவது எஞ்சினியரிடம். நானே கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்று கப்பல்களில் இப்போதும் அப்படித்தான் நடக்கிறது என்றேன். முதல் தடவை இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால், எதற்காகப் பூட்டினேன் என்றும் சொல்ல வேண்டியிருக்கும் என்றேன். எதையோ எழுதிக்கொண்டார்.

இதற்கு முன் இப்படி ஒரு தவறு செய்திருக்கிறீர்களா என்று கடைசியில் கேட்டார். இல்லை என்று சொல்லலாம். அவருக்கு எப்படித் தெரியப் போகிறது? பத்தொன்பது வயதில் ஒரு தேயிலை ட்ரையரைத் திறந்தேன், என் மாமன் மகளின் புருவம் எரிந்தது, இன்னும் அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அதோடு எல்லாம் போயிற்று என்றுதான் நினைக்கிறேன். முடிவு வர ஆறு வாரம் ஆகும்.

ட்ரையர் கதவைத் திறந்தது நான்தான் வேலாயி. அவசரம், பயம், பெருமை, மூன்றும் இருந்தன. வெலிமடைக்காரர்கள் வந்து போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த வயதில் பஸ்ஸில்தான் ஏறியிருப்பேன்.

வெற்றிலையைத் தபாலில் அனுப்ப முடியாது. நீயே வாங்கி மற்ற வீடுகளுக்கு என் பெயரைச் சொல்லி வை. இதையும் குரூப்பில் போடுவாய் என்று தெரியும்.

ஜெயகுமார்


மேட்டு டிவிஷன், பெரகல
2023 ஒக்டோபர் 22

மச்சானுக்கு,

நீ பாஸ் என்று சிவசக்தி சொன்னாள். உன் பெயருக்குப் பின்னால் இனி இங்கிலீஷ் எழுத்து நாலைந்து வருமாம். எழுத்துப் பின்னால் வருகிறது என்று நடையை மாற்றிக்கொள்ளாதே. அந்த வழுக்கைத்தலை ஐயாவையும் சேர்த்துச் சீமைக்காரர்களைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும், உண்மையைச் சொன்னவனுக்குப் பட்டயம் கொடுக்க இவ்வளவு பெரிய ஆபீசும் இத்தனை தாளும் வேண்டியிருக்கிறது பார். நம் குழாயடியில் பத்து நிமிஷத்தில் முடித்து அனுப்பியிருப்போம்.

வெற்றிலை வைத்துவிட்டேன். அந்த ஒன்பது பேரில் உன்னையும் என்னையும் கழித்தால் நாலு பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள். நாலு வாசலிலும் நின்று, “ட்ரையரத் திறந்தது ஜெயகுமாராம், சொல்லச் சொன்னாரு” என்றேன். மூன்று பேர், “அது எங்களுக்குத் தெரியாதாக்கும்” என்றார்கள். பொன்னையா அண்ணன் மட்டும், “அவன்தானா? நான் உன்னையத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்” என்றார். பக்கத்துக் காம்பராவில் இருந்துகொண்டு இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது.

எனக்கு நீ எழுதினதை நான் குரூப்பில் போடவில்லை. தனுஜாவுக்கும் காட்டவில்லை. பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். போன் அடைப்பை எடுத்துவிட்டாய் போல, நேற்று உன் மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. போனில் நீ பேசினால் சீப் எஞ்சினியர் மாதிரிப் பேசுவாய்.

பட்டயத்தின் போட்டோக்கொப்பியைப் பிரேம் போட்டு அனுப்பியிருந்தாய். றில்வான் நானாவே ஆட்டோவில் கொண்டுவந்து தந்தார். இவ்வளவு பெரிய கண்ணாடியை லயத்துக் காம்பராவில் எங்கே வைப்பது என்று நீ யோசிக்கவில்லை. இருந்தாலும் மாட்டித்தான் ஆக வேண்டும் என்று நாலங்குல ஆணி ஒன்று வாங்கிவரச் சொன்னேன். பொன்னையா அண்ணன் வீட்டுச் சுவரும் எங்கள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான், மூன்று விரல் கனம்கூட இல்லை. மூன்றாவது அடியில் ஆணி முழுதாக உள்ளே போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் நாலைந்து நாளாகக் கட்டிலைச் சுவரோரமாகப் போட்டு, தலைமாட்டில் அரிசிச் சாக்கைச் சாத்தி வைத்திருந்திருக்கிறார். ஆணி சாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. அரிசி கொட்டியது. அண்ணன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார், வாய் திறந்திருந்தது. ஒரு பிடி அளவு உள்ளே போயிருக்கும் என்று சொல்கிறார். மீதியை அள்ளிப் பானையில் போட்டுவிட்டோம். பட்டயம் இப்போது எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

வேலாயி